ஆபீஸில் ஒரு நான், ஊரில் ஒரு நான்: இதில் எது நிஜம்?

உங்கள் கேள்வியை மூன்று முறை படித்தேன். கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, 9 ஆண்டுகளாகச் சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறீர்கள். அடுத்த மாதம் தாம்பரத்துக்கு அப்பால் வாங்கிய ஃபிளாட்டில் பால் காய்ச்சப்போகிறீர்கள். ஊரிலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்களும் ஆபீஸிலிருந்து பதினைந்து பேரும் ஒரே நாளில் வரப்போகிறார்கள். சித்தப்பாவிடம் "சாப்ட்டியளா" என்று கேட்கும் அதே வாய் மேனேஜரிடம் முக்கால் ஆங்கிலத்தில் பேசுவதை இதுவரை இரண்டு தரப்பும் சேர்ந்து கேட்டதில்லை. ஊர்க்காரரோடு நீங்கள் போனில் பேசியதைக் கேட்டு, சென்னையிலேயே வளர்ந்த உங்கள் மனைவி "நீங்களா இப்படிப் பேசுறீங்க?" என்று சிரித்திருக்கிறார். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, கூடவே கிணற்றில் குதித்து வளர்ந்த நண்பன் "வாங்க சார்" என்று கூப்பிட்டிருக்கிறான். "இதில் எது உண்மையான நான்? ஒன்பது வருடமாக நடித்துக்கொண்டிருக்கிறேனா?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள்.

கேள்வி தத்துவத்தைத் தொடுவதுபோல இருந்தாலும் அதற்கு அடியில் இருப்பது மிகவும் நடைமுறையான ஓர் அச்சம் என்றே எனக்குப் படுகிறது: இரண்டு கூட்டமும் ஒரே ஹாலில் நிற்கும்போது எந்தக் குரலில் பேசுவது, ஒரு தரப்புக்குத் தெரியாத உங்களை மறு தரப்பு அறியாமலேயே காட்டிக்கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம். நடுவில் ஒரு வரியை வேகமாகக் கடந்து போயிருக்கிறீர்கள்: "ஆபீஸில் எந்த ஊர் என்று கேட்டால் திருநெல்வேலி என்று சொல்லிவிடுவேன், மேற்கொண்டு கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்." பிறகு அந்த வரிக்கு வருகிறேன், மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். நான் 22 ஆண்டுகள் கல்லூரியில் சமூக உளவியல் கற்பித்தேன். அதில் பாதிக்கு மேற்பட்ட காலம் மாலை நேரங்களில் ஆலோசனையும் அளித்துவந்தேன். ஆய்வுகள் உறுதியாகச் சொல்வதை உறுதியாகவும், தடுமாறும் இடத்தைத் தடுமாற்றமாகவும் சொல்கிறேன். உங்களை நேரில் பார்க்காமல், நீங்கள் எழுதிய ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு எழுதுகிறேன் என்பதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

முதலில், சந்தேகத்துக்கு இடமில்லாத பகுதி. ஆளுக்கு ஆள் வேறு மாதிரி நடந்துகொள்வது மனித இயல்பு. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இலேயே இதைச் சொல்லிவிட்டார்: ஒரு மனிதனை எத்தனை பேர் அறிந்து மனத்தில் வைத்திருக்கிறார்களோ, அத்தனை சமூகத் 'தான்'கள் அவனுக்கு உண்டு. ஆனால் உங்கள் நிலைமைக்கு மிக அருகில் வருபவர் சமூகவியலாளர் எர்விங் காஃப்மன். அவர் 1949 முதல் 1951 வரையிலான காலத்தில், ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்து தீவுகளில் தங்கி ஆய்வு செய்தார். அங்கே ஒரு சிறிய ஓட்டல். அதை நடத்திய தம்பதியர் அந்தத் தீவின் எளிய விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர்கள். விருந்தினர்களோ வெளியூரிலிருந்து வரும் நடுத்தர வர்க்கத்தார். சாப்பாட்டு அறையில் இந்தத் தம்பதியர் விருந்தினர்களுக்கு நிகரான நாகரிகத்தோடு நடந்துகொள்வார்கள். சமையலறைக்குள் போய்விட்டால் தீவுக்காரர்களின் பேச்சு, தீவுக்காரர்களின் சாப்பாட்டு முறை, வேலைக்காரர்களும் முதலாளியும் ஒன்றாக உட்காரும் பழக்கம் எல்லாம் திரும்பி வந்துவிடும்.

இதில் காஃப்மன் கவனித்த ஒரு சின்ன விஷயத்தை வகுப்பில் நான் ஒவ்வோர் ஆண்டும் சொல்வேன். அந்தச் சமையலறைக் கதவைப் பற்றி ஓட்டலில் ஓயாத இழுபறி இருந்தது. தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய்வர வசதியாகவும், விருந்தினர் சாப்பிட்டு முடித்துவிட்டார்களா என்று எட்டிப் பார்க்கவும் பரிமாறும் பெண்களுக்குக் கதவு திறந்திருக்க வேண்டும். உள்ளே தாங்கள் இருக்கும் விதம் விருந்தினர் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதால் நடத்துபவர்களுக்கோ கதவு மூடியிருக்க வேண்டும். அவர்களைப் 'போலி' என்று யாரும் சொல்ல முடியாது. சாப்பாட்டு அறையில் காட்டிய மரியாதையும் மெய்தான், சமையலறையில் இருந்த உரிமையும் மெய்தான். பதற்றம் முழுவதும் அந்தக் கதவில் குவிந்திருந்தது. உங்கள் பால் காய்ச்சும் நாளில் அந்தக் கதவைக் கழற்றி வைத்துவிடப் போகிறீர்கள். தூக்கம் போவதற்கு அது போதுமான காரணம். உங்களிடம் கோளாறு எதுவும் இருக்க வேண்டியதில்லை.

அப்படியானால் பல முகங்கள் இருப்பதால் தீங்கே இல்லையா என்று கேட்டால், பதில் கொஞ்சம் சிக்கலானது. 1993இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், பிள்ளையாக, நண்பராக, மாணவராக, வேலை செய்பவராக, காதல் உறவில் இருப்பவராக என்று ஐந்து பாத்திரங்களில் தங்கள் குணங்கள் எப்படி இருக்கின்றன என்று ஆட்களையே மதிப்பிடச் சொன்னார்கள். பாத்திரத்துக்குப் பாத்திரம் குணம் அதிகம் மாறியவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாகத் தென்பட்டன. இதைப் படித்தால் உங்கள் பயம் நியாயம்தான் என்று தோன்றும். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2002இல் கொரிய, அமெரிக்க மாணவர்களை ஒப்பிட்ட ஆய்வு, எல்லோரிடமும் ஒரே மாதிரி இருப்பதற்கும் மனநிறைவுக்கும் உள்ள தொடர்பு கொரியர்களிடம் மிகவும் வலுக்குறைந்து இருந்ததைக் காட்டியது. 2007இல் வந்த இன்னோர் ஆய்வை நான் இன்னும் முக்கியமாகக் கருதுகிறேன். ஆசிய வம்சாவளி அமெரிக்கர்கள் உறவுக்கு உறவு தங்களை வேறுவிதமாக விவரித்தார்கள். ஆனால் ஒவ்வோர் உறவுக்குள்ளும் காலப்போக்கில் அவர்கள் நிலையாகவே இருந்தார்கள். அம்மாவிடம் ஒரு மாதிரி, நண்பனிடம் வேறு மாதிரி. ஆனால் அம்மாவிடம் இன்று இருப்பதுபோலவே சில மாதங்கள் கழித்தும்.

இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது. எத்தனை விதமாக இருக்கிறீர்கள் என்பதை எண்ணிப் பார்ப்பதில் பயன் குறைவு. சித்தப்பாவிடம் நீங்கள் பேசும் விதம் பத்து வருடமாக ஒரே மாதிரி இருக்கிறதா, அவர் உங்களை நம்பலாமா என்று பாருங்கள். மேனேஜரிடமும் அப்படியே. ஒரே ஆளிடம் இன்று பாசம், நாளை ஏளனம் என்று மாறினால் அதை நிலையின்மை எனலாம்; நீங்கள் எழுதியதில் அதற்கான அறிகுறி எதுவும் இல்லை. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை கல்லூரி மாணவர்களை வைத்து, அவர்களே தங்களைப் பற்றிச் சொன்னதை வைத்து நடந்தவை. எது காரணம், எது விளைவு என்பதை அவற்றால் பிரித்துச் சொல்ல முடியாது. மனம் சோர்ந்தவர்கள் தங்களைத் துண்டு துண்டாகப் பார்க்கிறார்கள் என்றும் அதே எண்களை வாசிக்கலாம்.

'எல்லோரிடமும் ஒரே மாதிரி இருப்பவன்தான் நேர்மையானவன்' என்ற அளவுகோல் தமிழ் பேசுகிற ஒருவருக்குத் தொடக்கத்திலேயே பொருந்தாது என்பது என் சொந்தக் கருத்து. நம் மொழியில் 'வா' என்பதா, 'வாங்க' என்பதா என்று முடிவு செய்யாமல் ஒருவரை வீட்டுக்குள் அழைக்கவே முடியாது. எதிரே நிற்பவர் நமக்கு அண்ணனா, மாமாவா, சாரா என்று தீர்மானித்த பிறகே வாக்கியத்தின் வினைமுற்று வாய்க்கு வரும். எழுத்துக்கு ஒரு தமிழ், பேச்சுக்கு ஒரு தமிழ், பேச்சிலும் ஊருக்கு ஒன்று. வகுப்பில் 'நான் யார்' என்ற கேள்விக்கு இருபது வரிகள் எழுதச் சொல்வேன். 1954இல் இரு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் வகுத்த எளிய பயிற்சி அது. ஒரு முறை ஒரே மாணவர்களை முதலில் ஆங்கிலத்திலும் இரண்டு வாரம் கழித்துத் தமிழிலும் எழுதவைத்தேன். ஆங்கிலத் தாளில் 'கடின உழைப்பாளி', 'தன்னம்பிக்கை உள்ளவள்' என்று தொடங்கிய ஒரு பெண், தமிழ்த் தாளில் முதல் வரியாக எழுதியது "நான் வீட்டுக்கு மூத்தவள்". இரண்டில் எது பொய் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? ஒரு வகுப்பில் நான் கண்டது ஆய்வாகிவிடாது. என்றாலும் அந்தத் தாள் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

ஆகவே முகங்களின் எண்ணிக்கையைப் பற்றி நான் கவலைப்படவில்லை. மறைப்பைப் பற்றித்தான் கவலைப்படுகிறேன். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மேனேஜரிடம் ஊர்ப் பேச்சில் பேசாமல் இருப்பது மறைப்பு ஆகாது. அந்த இடத்துக்கு அது வேண்டியதில்லை, அவ்வளவுதான். ஆனால் யாராவது ஊர்ப் பேரைக் கேட்கும்போது நெஞ்சு ஒரு கணம் படபடத்து, பேச்சை எங்கே திருப்பலாம் என்று மனம் ஓடத் தொடங்கினால், அது மறைப்பு. 2017இல் ரகசியங்களைப் பற்றி வெளியான ஓர் ஆய்வுத் தொடர் இங்கே உதவும். ரகசியம் வைத்திருப்பவர்கள் பிறர் முன்னிலையில் அதை முயன்று மறைக்க நேரும் தருணங்கள் குறைவு. தனியாக இருக்கும்போது மனம் தானாக அதன்மீது போய்ப் போய் விழும் தருணங்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மனநலக் குறைவோடு தொடர்பு கொண்டிருந்ததும் இந்த இரண்டாவதுதான். நீங்கள் படுக்கையில் கண்ணைத் திறந்துகொண்டு, வேனிலிருந்து யார் யார் இறங்குவார்கள், யார் யாரிடம் என்ன கேட்பார்கள் என்று ஓட்டிப் பார்க்கிறீர்கள் அல்லவா, அதைத்தான் சொல்கிறேன்.

இப்போது அந்த வரி. திருநெல்வேலி என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் தவறில்லை. கிராமத்திலிருந்து வந்தவர்கள் யாருமே சென்னையில் பக்கத்துப் பெரிய ஊரின் பேரைத்தான் சொல்கிறோம். ஆனால் உங்களுக்குப் பக்கத்தில் இருப்பது கோவில்பட்டி. அது எல்லோருக்கும் தெரிந்த ஊர். அதைத் தாண்டி நீங்கள் திருநெல்வேலிக்குப் போனதும், மேற்கொண்டு கேட்டால் பேச்சை மாற்றுவதும் வேறு ஒன்றைச் சொல்கின்றன. நீங்கள் 'சாதி' என்ற சொல்லை எழுதவில்லை. நானும் உங்கள் சாதியைக் கேட்கப்போவதில்லை, ஊகிக்கப்போவதும் இல்லை. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அந்த வழக்கம் தமிழ்நாட்டில் வேரூன்றியதால் இன்று நம் பெயரைப் பார்த்து எவரும் எதையும் சொல்லிவிட முடியாது. ஆனால் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களின் ஆசை அதோடு ஒழியவில்லை; கேள்வி மட்டும் இடம் மாறியது. "எந்த ஊர்?" என்று தொடங்கி, "ஊருக்குள்ளயா, வெளியிலயா?", "எந்தத் தெரு?", "குலதெய்வம் எது?" என்று நீளும் விசாரணையின் ருசி உங்களுக்குத் தெரிந்திருக்கும். பால் காய்ச்சும் வீட்டில் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்தால் குலதெய்வத்தின் பெயர் பேச்சில் வராமல் இருக்காது.

இந்த இடத்தில் ஆய்வு என்ன சொல்கிறது என்பதற்கு, நம் நாட்டிலேயே நடந்த ஒன்று இருக்கிறது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு பொருளியலாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் 6, 7ஆம் வகுப்பு படித்த 642 சிறுவர்களுக்குத் தாளில் வரைந்த, சிக்கலான பாதைகளில் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். அவர்களில் சரிபாதி உயர்சாதி எனப்படுவோர், சரிபாதி தாழ்த்தப்பட்டோர். யார் என்ன சாதி என்று அறிவிக்காதபோது இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே அளவு புதிர்களை விடுவித்தார்கள். வேறு சில குழுக்களில், தொடங்கும் முன் ஒவ்வொரு சிறுவனின் பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், சாதி ஆகியவற்றை எல்லோர் முன்னிலையிலும் உரக்க வாசித்தார்கள். அங்கே தாழ்த்தப்பட்ட சிறுவர்கள் விடுவித்த புதிர்களின் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது. வாசித்ததற்கு முன்னும் பின்னும் அவர்களின் மூளை ஒன்றுதான். மாறியது, அந்த அறையில் தாங்கள் யாராகப் பார்க்கப்படுகிறோம் என்ற அறிவு.

இதை ஓர் எச்சரிக்கையோடுதான் சொல்ல வேண்டும். இதை ஒட்டிய கருத்து ஒன்று 1995இல் அமெரிக்காவில் முன்வைக்கப்பட்டு மிகவும் புகழ்பெற்றது: தன் குழுவைப் பற்றிய இழிவான எண்ணம் நினைவூட்டப்பட்டாலே தேர்வில் மதிப்பெண் குறையும் என்பது அது. நானும் பல ஆண்டுகள் அதை ஐயமின்றிக் கற்பித்தேன். 2018இல் நெதர்லாந்தில் 2000க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களை வைத்து, பெண்பிள்ளைகளையும் கணிதத்தையும் பற்றி அதைச் சோதித்தபோது விளைவு தென்படவில்லை. ஆகவே ஒரு சின்ன நினைவூட்டலே ஆளை முடக்கிவிடும் என்று இன்று நான் சொல்லமாட்டேன். உத்தரப் பிரதேசச் சோதனையை அதிலிருந்து வேறாகப் பார்க்கிறேன்; அங்கே நடந்தது நினைவூட்டல் என்பதைவிட, ஊர் நடுவே பட்டியல் வாசிப்பது போன்ற ஒன்று. அந்தப் பிள்ளைகளுக்கு அதன் பின்விளைவு என்னவாக இருக்கும் என்பதில் வாழ்நாள் அனுபவம் இருந்தது. உங்கள் படபடப்பை நீங்கள் கோழைத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தால், அதை அனுபவம் கற்றுக்கொடுத்த எச்சரிக்கை என்று பார்த்துப் பழகுங்கள்.

எனவே "எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், மனம் லேசாகும்" என்ற அறிவுரையை நான் தரப்போவதில்லை. அதை எளிதாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் எதையும் மறைக்க வேண்டியிராதவர்கள். சொல்வதா வேண்டாமா, யாரிடம், எப்போது என்பது உங்கள் உரிமை. அதன் விலையை நீங்கள்தான் கொடுக்கப்போகிறீர்கள். ஆலோசனை அறையில் நான் திரும்பத் திரும்பக் கண்டது ஒன்று உண்டு. எல்லோரிடமும் மறைப்பதற்கும், ஒருவரே ஒருவருக்குத் தெரிந்திருக்க மற்றவர்களிடம் சொல்லாமல் இருப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பதினைந்து பேரில் ஒருவராவது உங்களோடு டீக்கடையில் நின்று வீட்டு விஷயம் பேசுகிறவராக இருப்பார். விசேஷத்துக்கு முன்பே அவரிடம் ஊரின் உண்மையான பெயரைச் சொல்லிப் பாருங்கள். அவர் முகம் எப்படிப் போகிறது என்பதிலிருந்து மீதி முடிவை எடுக்கலாம். முகம் மாறினால், குறையிருப்பது அந்த முகத்தில்.

நான் நாங்குநேரிப் பக்கத்துக்காரன். பல ஆண்டுகளுக்கு முன் என் தாயார் சென்னையில் ஒரு மருத்துவமனையில் இருந்தபோது, என் துறைத் தலைவர் முன்னறிவிப்பின்றிப் பார்க்க வந்தார். அந்த நேரம் நான் ஊரிலிருந்து வந்த மாமாவிடம், "ஏன் மாமா இம்புட்டு நேரம், எப்பம் பஸ் ஏறினிய?" என்று வராந்தாவே கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தேன். துறைத் தலைவரைக் கண்டதும் அடுத்த வாக்கியம் தானாகவே கல்லூரித் தமிழில் வந்தது. அதை என் மாமா ஒரு கணம் நின்று கவனித்ததையும் பார்த்தேன். அன்று என்னை வருத்தியது துறைத் தலைவர் என் ஊர்ப் பேச்சைக் கேட்டது இல்லை. மாமா பக்கத்திலேயே நிற்க, அவரைத் துறைத் தலைவருக்கு அறிமுகம் செய்யாமல் ஓர் அடி முன்னால் நகர்ந்து நின்றுகொண்டேன். யாருமே அதைப் பிறகு பேசவில்லை, மாமாவும் காலமாகிவிட்டார். உங்கள் விசேஷத்தில் எந்தப் பேச்சு வாயில் வந்தாலும் வரட்டும். யாருக்கு முன்னால் யாரை மறைத்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்பதை மட்டும் கவனியுங்கள்.

மனைவியின் சிரிப்பைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. தெரியாத ஓர் அறையின் கதவு திடீரென்று திறந்ததில் வந்த ஆச்சரியமாகவே அது பெரும்பாலும் இருக்கும். ஏளனமா, ஆசையா என்பது அவரிடம் கேட்டால் தெரிந்துவிடும். என்னைக் கேட்பதைவிட அது நல்லது.

கூட்டத்தைப் பற்றி இரண்டு விஷயம். முதலாவது, மனிதர்கள் 'நம்மாள்', 'வேற்றாள்' என்று பிரிவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. சமூக உளவியலாளர் ஹென்றி டாய்ஃபெல் 1970களின் தொடக்கத்தில் பிரிஸ்டல் நகரப் பள்ளியில் 14, 15 வயதுப் பையன்களிடம், க்ளே, கண்டின்ஸ்கி என்ற இரு ஓவியர்களில் யாருடைய படம் பிடித்தது என்பதை வைத்து அவர்களைப் பிரித்திருப்பதாகச் சொன்னார். தன் குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்றுகூட எவனுக்கும் தெரியாது. இருந்தும் பணம் பங்கிடச் சொன்னபோது தன் குழுவுக்கே கூட்டிக் கொடுத்தார்கள். தங்களுக்கு வருவது குறைந்தாலும் பரவாயில்லை, அடுத்த குழுவைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்ற கணக்கையும் பலர் போட்டார்கள். இது பலமுறை வெவ்வேறு இடங்களில் சோதிக்கப்பட்டு நிலைத்த முடிவு. பிரிந்தவர்களைச் சேர்ப்பது பற்றிய சான்று அவ்வளவு உறுதியாக இல்லை. 1954இல் ஓக்லஹோமாவில் 22 சிறுவர்களை இரண்டு அணியாக்கி மோதவிட்ட முசாஃபர் ஷெரிஃப், தண்ணீர்க் குழாயைச் சரிசெய்வது, நின்றுபோன லாரியைக் கயிறு கட்டி இழுப்பது போன்ற பொது வேலைகளைக் கொடுத்து அவர்களை நண்பர்களாக்கினார் என்று பாடநூல்கள் சொல்லும். முந்தைய ஆண்டு அதே மாதிரி நடத்திய முகாம் தோல்வியில் முடிந்து பாதியில் கைவிடப்பட்டது என்பதைப் பல பாடநூல்கள் சொல்வதில்லை. ஆனாலும் ஒரே வேலையில் கை வைத்தவர்களுக்குள் பேச்சு எளிதாகும் என்பதை நம் கல்யாண வீடுகளில் பந்தி பரிமாறிய எவரும் அறிவார்கள். இரண்டு தரப்பையும் எதிரெதிர் நாற்காலி வரிசையில் உட்காரவைத்து நீங்கள் நடுவில் ஓடிக்கொண்டிருக்காமல், டீமில் இரண்டு பேர் கையில் சாம்பார் வாளியைக் கொடுங்கள். சித்தப்பா மகனை இலை போடச் சொல்லுங்கள்.

தமிழில் இதற்கு ஒரு வசதியும் இருக்கிறது. 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே. 'நாம்' என்றால் கேட்பவர் உள்ளே. ஆபீஸ்காரர்களிடம் "எங்க ஊர்ல நாங்க இப்படித்தான்" என்று விளக்கம் சொல்லும் ஒவ்வொரு முறையும் நீங்கள் கோடு ஒன்று கிழிக்கிறீர்கள். ஊரில் விசேஷத்துக்கு அழைப்பவர்கள் வாசலில் நின்று என்ன சொல்கிறார்கள்? "நம்ம வீட்டு விசேஷம், வந்துருங்க." அந்த 'நம்ம' போதும். இரண்டாவது விஷயம், கண்ணும் காதும் உங்கள்மீதே குவிந்திருக்கும் என்று நினைப்பது. 2000ஆம் ஆண்டில் வெளியான சோதனை ஒன்றில், அணிந்துகொள்ளவே கூச்சமாக இருக்கும் ஒரு பாடகரின் படம் போட்ட பனியனை மாட்டி, மாணவர்களைப் பிறர் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் ஏறத்தாழப் பாதிப் பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று போட்டிருந்தவர்கள் கணித்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் ஏறத்தாழக் கால்வாசிப் பேர். நீங்கள் எந்தச் சொல்லுக்கு 'ய' போட்டீர்கள், எதற்கு 'ங்க' போட்டீர்கள் என்று கணக்கெடுக்க உங்கள் டீமுக்கு நேரம் இருக்காது; வடை சூடாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு திருத்தம்: சாதியை மோப்பம் பிடிக்கிறவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவர் கவனிப்பார். அவரைத் திருத்தும் பொறுப்பு உங்கள் வீட்டு விசேஷத்துக்கு இல்லை.

விசேஷம் முடிந்து இரண்டு மூன்று வாரத்துக்குப் பிறகும் தூக்கம் வராமல், வேலையிலும் சாப்பாட்டிலும் பிடிப்பு குறைந்தால், அதை அடையாளச் சிக்கல் என்று எண்ணி இப்படிப்பட்ட பதில்களில் விடை தேடாமல் ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். அந்த அளவுக்கு வந்துவிட்டதா என்பதை எழுத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது.

கடைசியாக, "வாங்க சார்". சார்லஸ் கூலி என்ற சமூகவியலாளர் 1902இல், நம்மைப் பற்றிய நம் உணர்வு பிறர் என்ற கண்ணாடியில் தெரிவது என்றார்: அவர் கண்ணுக்கு நாம் எப்படித் தெரிகிறோம் என்று கற்பனை செய்கிறோம், அதை அவர் எப்படி எடைபோடுகிறார் என்றும் கற்பனை செய்கிறோம், அதிலிருந்து பெருமையோ கூச்சமோ அடைகிறோம். இதில் இரண்டும் கற்பனைதான் என்பதை மறந்துவிடுகிறோம். நண்பன் உங்களை எட்டத் தள்ளினான் என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். நீங்கள் எட்டப் போய்விட்டீர்களா என்று அவன் சோதித்திருக்கலாம் என்பது என் ஊகம்; ஊகம்தான், உறுதி இல்லை. 'சார்' என்றதும் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லை. சிரித்துவிட்டுக் கை கொடுத்திருந்தால், அவன் கேட்ட கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் சொல்லிவிட்டதாக அவன் நினைத்துக்கொண்டிருக்கக்கூடும். அழைப்பிதழை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். போன் போடுங்கள். "சொல்லுங்க சார்" என்று எடுத்தால், கிணற்றடியில் அவனை என்ன பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்களோ அதைச் சொல்லி, "ஏலே, என்னல சாரு? முந்தின நாளே வந்து பந்தல் வேலையப் பாரு" என்று சொல்லுங்கள். பக்கத்து மேசையில் ஆபீஸ்காரர் யாராவது இருந்தாலும் குரலைத் தாழ்த்த வேண்டாம்.